எந்த ஜார்ஜ் ஸ்மித்?

இங்கிலாந்தில் ஸ்மித் அளவுக்கு மலிந்த குடும்பப் பெயர் வேறில்லை. கொல்லர் என்பதே அதன் பொருள். பட்டறை இல்லாத ஊரே அரிது என்றிருந்த காலத்தில், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்களுக்கெல்லாம் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே, பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்துக்கு அடுத்த வரியில் நடிகை மேகி ஸ்மித்தை நிறுத்தும் ‘புகழ்பெற்ற ஸ்மித்கள்’ பட்டியல்களால் என்ன பயன் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

முன்பெயரும் ஒன்றாகிவிட்டால் குழப்பம் முற்றிவிடுகிறது. 2009இல் இயற்பியல் நோபல் பெற்றவர்களுள் ஒருவர், டிஜிட்டல் கேமராக்களுக்கு வழிவகுத்த சிசிடி என்னும் ஒளியுணர் சில்லை 1969இல் உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜார்ஜ் இ. ஸ்மித். 2018இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் ஜார்ஜ் பி. ஸ்மித். நடுவில் நிற்கும் ஓரெழுத்துதான் இவர்களைப் பிரித்துக் காட்டுகிறது.

எனக்குப் பிடித்த ஜார்ஜ் ஸ்மித்துக்கு அந்த ஓரெழுத்தும் இல்லை. 1840இல் லண்டனில் பிறந்து, பதினான்கு வயதில் பணத்தாள் அச்சுக்கான செதுக்கு வேலை பழகப் போனவர் அவர். மதிய உணவு இடைவேளைகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஓடிப்போய், பண்டைய அசீரிய நகரமான நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகைகளின் ஆப்பெழுத்துகளைத் தாமாகவே படிக்கக் கற்றார்; நுண்ணிய கோடுகளைச் செதுக்கிப் பழகிய கண்ணுக்கு அந்த ஆப்புக் கீறல்கள் பிடிபட்டதில் வியப்பில்லை என்றே நினைக்கிறேன். பிறகு அங்கேயே வேலையும் கிடைத்தது. 1872இல், உடைந்த பலகை ஒன்றில், கப்பல் மலைமேல் தங்கியதையும், அதிலிருந்து விடப்பட்ட புறா கால் வைக்க இடமின்றித் திரும்பி வந்ததையும் வாசித்தபோது, விவிலியத்தின் வெள்ளக் கதையை ஒத்த பாபிலோனியக் கதை தம் கையில் இருப்பதை உணர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று, பிரதமர் கிளாட்ஸ்டன் அமர்ந்திருந்த கூட்டமொன்றில் அதை அறிவித்தார். நான்கே ஆண்டுகளில், 36 வயதில், சிரியாவின் அலெப்போ நகர் அருகே வயிற்றுக்கடுப்பால் இறந்தார். நோபல் பரிசு அப்போது பிறந்திருக்கவே இல்லை. பரிசை அளவுகோலாக்கும் பட்டியல்களில் இவர் கடைசிக்குத் தள்ளப்படுவது எனக்கு உறுத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனின் மாபெரும் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியைத் தம் சொந்தச் செலவில் 1885 முதல் வெளியிட்ட பதிப்பாளரின் பெயரும் ஜார்ஜ் ஸ்மித்தான். அந்த அகராதியில் நம் செதுக்கு வேலைக்காரரின் பெயரை அடுத்து, 1840-1876 என்ற ஆண்டுகளும் அசீரியவியலாளர் என்ற சொல்லும் நிற்கின்றன.