வேகம் கூடினால் தாமதம் குறைந்துவிடாது
கம்பியில்லா இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் வன்னி மாணவர்களின் இணையவழி வகுப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வன்னியின் ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டு யன்னலோரம் இருக்கும் 4ஜி ரவுட்டரைச் சோதித்தால் பதிவிறக்க வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்று காட்டுகிறது. ஆனால் தம்பி கோயில் திருவிழாக் காணொளியைப் பதிவேற்றத் தொடங்கினால் போதும், மகள் சொல்லும் விடை போய்ச் சேர்வதற்குள் ஆசிரியை அடுத்த பிள்ளையைக் கேட்டுவிடுகிறார். அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காரணம், வெளியே போகக் காத்து ரவுட்டருக்குள் தேங்கும் தரவின் வரிசை. பதிவேற்ற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்டாக இருக்கும்போது 500 கிலோபைட் (4 மெகாபிட்) தரவு முன்னால் காத்துநின்றால், பின்னால் வரும் குரல் 2 விநாடி பிந்தித்தான் வெளியேறும். வரிசை எப்போதும் நிரம்பியிருந்தால் இணைப்பு ஒரு கணமும் சும்மா இருக்காது, மொத்த வேகம் உச்சத்தில் நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்தத் தாமதம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கைபேசிக் கோபுரங்களைக் கூட்டச் சொல்கிறார். அதுவும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2012இல் கணினி வலையமைப்பு ஆய்வாளர்கள் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் முன்வைத்த ‘கோடெல்’ முறை, வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொதியும் (தரவின் சிறு துண்டு) அதில் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்கு மேல் நீடித்தபடியே இருந்தால் சில பொதிகளைக் கைவிட்டு, அனுப்பும் கருவியை நிதானிக்க வைக்கிறது. எங்கள் ரவுட்டரில் அந்த வசதி இல்லை. அதனால் தம்பியின் காணொளி ஏறும் வேகத்தை மட்டும் 1.5 மெகாபிட்டோடு மட்டுப்படுத்தினேன். காணொளி ஏறக் கூடுதல் நேரம் எடுக்கிறது, மகளின் குரல் உடனே போகிறது. மாலையில் ஊரே இணையத்தில் இருக்கும்போது கிடைக்கும் வேகம் அதற்கும் கீழே இறங்கிவிடும், அப்போது மறுபடியும் குறைக்கிறேன்.