அலங் கடற்கரையில் நிற்பது குவீன் எலிசபெத் 2 அல்ல

‘பாக்லாந்து போருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற குவீன் எலிசபெத் 2 கப்பலை குஜராத்தின் அலங்கில் உடைத்துவிட்டார்கள்’ என்று ஒரு படம் சுற்றுகிறது. (பாக்லாந்து போர் என்பது பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த போர்.) படத்தில் சொல்வது தவறு.

படத்தில் புகைபோக்கிகளைப் பாருங்கள். இரண்டு இருக்கின்றன, இரண்டின் உச்சியிலும் பக்கவாட்டில் இறக்கைகள். குவீன் எலிசபெத் 2-க்கு எப்போதுமே ஒற்றைப் புகைபோக்கிதான். படத்தில் இருப்பது ‘பிரான்ஸ்’ என்ற பெயரில் 1962-இல் ஓடத் தொடங்கி, பிறகு ‘நார்வே’ ஆன கப்பல். 2003-இல் மயாமி துறைமுகத்தில் அதன் கொதிகலன் வெடித்து ஊழியர்கள் 8 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அது பயணிகளை ஏற்றவே இல்லை. 2006-இல் அலங்கில் கரையேற்றப்பட்டது. அதிலிருந்த, உடல்நலத்துக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) காரணமாக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007-இல்தான் உடைக்க அனுமதி கிடைத்தது. எட்டு உயிர்களைப் பறிகொடுத்த கப்பலை வேறு பெயரில் பரப்புவது வருத்தமாக இருக்கிறது.

போர்ச் செய்தி மட்டும் உண்மை: 1982-இல் குவீன் எலிசபெத் 2 ஏறத்தாழ 3,000 வீரர்களை ஏற்றிச் சென்றது. சேவையிலிருந்து 2008-இல் ஓய்வு பெற்று துபாய் சென்றது. அங்கே ரஷீத் துறைமுகத்தில் 2018-இல் மிதக்கும் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது.