பிளேவனாய்ட் நேரா சண்டை பிடிக்கிறதில்ல

பிளேவனாய்ட் (காய், பழம், தேயிலையில இருக்கிற இயற்கைச் சேர்மம்) பற்றின உங்கட கட்டுரையில, அது நேரா போய் ப்ரீ ரடிக்கல (செல்லைச் சேதப்படுத்துற மூலக்கூறு) அழிக்குது எண்டு மட்டும் போட்டு, டப்ளட்டும் வாங்கச் சொல்லியிருக்கிறீங்கள், அது டெஸ்ட் டியூபுக்குள்ள சரி, உடம்புக்குள்ள கதை வேற. வெங்காயத்தில இருக்கிற குவெர்செட்டின் எண்ட பிளேவனாய்ட் ரத்தத்துக்கு வந்து சேருறதே கொஞ்சம், அதுவும் குடலும் ஈரலும் மாத்தி விட்ட உருவத்தில, அவ்வளவு குறைஞ்ச அளவால ரடிக்கல் எல்லாத்தையும் தேடிப் பிடிக்க ஏலாது.

முக்கியமான விஷயம் செல்லுக்குள்ள இருக்கிற என்ஆர்எஃப்2 எண்ட புரதம். சாதாரணமா கீப்1 எண்ட இன்னொரு புரதம் அதைப் பிடிச்சு வச்சு அழிக்க அனுப்பிக்கொண்டே இருக்கும். சில பிளேவனாய்ட் ஆக்சிடைஸ் ஆகி கீப்1ல உள்ள சிஸ்டீன் எண்ட அமினோ அமிலத்தில போய் ஒட்டினா அந்தப் பிடி விட்டுப்போகும், என்ஆர்எஃப்2 அழியாம சேர்ந்து நியூக்ளியசுக்குள்ள போய் ஹீம் ஆக்சிஜனேஸ்1, என்கியூஓ1 எண்ட பாதுகாப்பு என்சைம்கள், பிறகு குளுட்டாதயோன் (செல்லின்ட சொந்த ஆன்டிஆக்சிடன்ட்) செய்யிற என்சைம் இதுகளின்ட ஜீனை எல்லாம் ஓன் பண்ணும். அதாவது செல்லுக்கு ஒரு சின்ன ஸ்ட்ரெஸ் குடுத்து அதின்ட சொந்தப் பாதுகாப்பைக் கூட்டுது, எனக்கு இதுதான் பெரிய அதிசயம்! ஆனா இதில கனக்க லேபில வளர்த்த செல்லில பார்த்தது, அதையும் சொல்லத்தான் வேணும்.

அதால டப்ளட் வாங்கச் சொல்லி எழுதினது சரியே இல்ல. கிரீன் டீ சாறு டப்ளட்ல ஈஜிசிஜி (கிரீன் டீயின்ட முக்கிய பிளேவனாய்ட்) ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ போனா ஈரல் பாதிப்புக்கான அறிகுறி தெரியுது எண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லிட்டுது. வெள்ளவத்தை மார்க்கெட்ல முருங்கை இலையும் வெங்காயமும் தாராளமா இருக்கு, வெங்காயம் உரிக்கேக்க வெளிப்பக்கத்து சதையையும் சேர்த்துக் கழிச்சுப் போடாதீங்கோ, குவெர்செட்டின் கூட இருக்கிறது அங்கதான்.