கடற்கரைக்கு இருந்த திட்டம் ஊருக்கு இல்லை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டர்ஹாம் பகுதியில் இருக்கிறது ஈசிங்டன் காலியரி. காலியரி என்றால் நிலக்கரிச் சுரங்கம். 1899-இல் நிலக்கரிக்காகக் குழி தோண்ட ஆரம்பித்த பிறகு எழுந்த ஊர் இது. அப்பன், பிள்ளை, பேரன் என்று மூன்று தலைமுறை, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் ஒரே கூண்டில் இறங்கிக் கடலுக்கடியில் கரி வெட்டியது.

1951 மே 29, விடியற்காலை 4.35. ஷிப்ட் மாறுகிற நேரம் என்பதால் இரண்டு ஷிப்ட் ஆட்களும் உள்ளே இருந்தார்கள். கரி வெட்டும் இயந்திரத்தின் பல் பைரைட் கல்லில் உரசித் தீப்பொறி பறக்க, மீத்தேன் வாயு வெடித்தது. சுரங்கத்தின் அந்தப் பகுதியில் இருந்த 81 பேரும் இறந்துபோனார்கள். மீட்கப் போன இருவரும் திரும்பவில்லை.

அப்படி உயிரைக் கொடுத்த ஊருக்குக் கடைசியில் கிடைத்தது 1993 மே மாதம் சுரங்கத்துக்கு ஒரு பூட்டு. சுமார் 1,400 பேருக்கு வேலை போயிற்று. கரி எரிப்பதை நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மாற்று வேலைக்கு வழி செய்யாமல் மூடியதை எப்படி ஏற்பது?

கடற்கரைக்கு மட்டும் திட்டம் இருந்தது. பல பத்தாண்டுகள் சுரங்கக் கழிவைக் கடலில் கொட்டிக் கொட்டி மணலே கறுத்துப்போயிருந்தது. பக்கத்து ஹார்டன் கரையை 1988-இல் இயற்கையையும் பழமையான இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. 1997 முதல் 2002 வரை சுமார் 1 கோடி பவுண்டு செலவழித்துக் கழிவை அள்ளினார்கள். இப்போது சுண்ணாம்புப் பாறைமேல் புல்வெளி, அதில் பட்டாம்பூச்சிகள். கடல் உள்வாங்கும்போது அலை தேய்த்து உருண்டையாக்கிய செங்கல் துண்டுகளும் துருப்பிடித்த இரும்பும் தெரியும். மேட்டில் அந்தப் பழைய கூண்டை நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். அழகான வேலைதான், மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்த அக்கறை மனிதர்கள்மேல் ஏன் இல்லை? 1994-இலிருந்து சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியின் உபரியில் பாதியை அரசே எடுத்துக்கொண்டது. அதில் சேர்ந்திருந்த 150 கோடி பவுண்டு இருப்பு நிதியைத் தொழிலாளருக்கே தருவதாக அறிவித்தது 2024 பட்ஜெட்டில்தான். அதற்குள் எத்தனை பேர் நெஞ்சில் கரித்தூசியோடு போய்ச் சேர்ந்தார்கள்!

இன்னும் ஒன்று செய்ய வாய்ப்பிருக்கிறது. மூடிய சுரங்கங்களில் தேங்கிய நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. பக்கத்து சீஹமில், டாடன் சுரங்கத்தின் 18–20 டிகிரி நீரிலிருந்து புதிய குடியிருப்புக்கு வெப்பம் எடுக்கத் திட்டமிட்டார்கள். நல்லது. ஆனால் அந்தச் சுரங்கங்களைத் தோண்டியவர்களின் பழைய செங்கல் வரிசை வீடுகளுக்கும் குழாய் போடுங்கள். வடகடல் காற்றில் அதிகம் நடுங்குவது அந்த வீடுகள்தான்.