ரயிலைப் பார்த்து யாரும் ஓடவில்லை

“1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் முதல் படம் காட்டினார்கள். திரையில் ரயில் வந்ததும் மக்கள் அலறியடித்து ஓடினார்கள்.” சினிமா வரலாறு சொல்லும் நூல்களிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தக் கதை இன்னும் சுற்றுகிறது. அது தவறு.

அன்று கிராண்ட் கஃபேயின் நிலவறையில் காட்டப்பட்ட படங்கள் பத்து. ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவது, குழந்தைக்கு உணவூட்டுவது, தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் உண்டு. ரயில் படம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 1896-இல்தான் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

படத்தையே ஒருமுறை பாருங்கள், 50 விநாடிதான். ரயில் நம்மை நோக்கி நேராகப் பாய்வதில்லை. சாய்வாக வந்து இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. கதவு திறக்கிறது, பயணிகள் இறங்குகிறார்கள்.

ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லாய்பர்டிங்கர் தேடிப் பார்த்தும், கூட்டம் ஓடியதற்கு அன்றைய ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பார்வையாளர்கள் வியந்தது உண்மை. முதல் காட்சியில் இருந்த, பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் மெலியே, அசையாமல் நின்ற தெருப்படத்தில் திடீரென்று குதிரை நடக்கத் தொடங்கியதும் வாய்பிளந்து உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த மனிதர்களை ஏமாளிகளாகக் காட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பள்ளிக் கட்டுரைக்கு இதை எடுப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.