போங்கடா, நீங்களும் உங்க 71 ஜிபி அப்டேட்டும்

71 ஜிபி. காசு குடுத்து கேம் டிஸ்க் வாங்கி, பிளாஸ்டிக் கவரை நகத்தால கிழிச்சு, உள்ள சொருகினதுக்கு அப்புறம் 71 ஜிபி டவுன்லோட். அப்ப அந்த டிஸ்க்ல என்னதான்டா வெச்சிருக்கீங்க, சாமி படமா?

ஐயாயிரத்துக்கு ஒத்த ரூபா கம்மி. பேரு வேண்டாம், எந்தக் கேம் பேரைப் போட்டாலும் இதே கதைதான்னு உங்களுக்கே தெரியும்.

இதுக்கு முன்னாடி இடப் பஞ்சம் வேற. முதல்ல வந்த பிஎஸ்5 கன்சோலை 825 ஜிபின்னு சொல்லி வித்தாங்க, என்கிட்ட இருக்கிறது அதுதான், கேம் போட நம்ம கையில வர்றது 667 சொச்சம். ஆளுக்கு 100 ஜிபி, 120 ஜிபின்னு வந்து படுத்துக்கிட்டா எத்தனை பேருக்குத்தான் பாய் விரிக்கிறது? எதை அழிக்கலாம்னு லிஸ்ட்டைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். எல்டன் ரிங்கை அழிக்க மனசு வரல. 2022-ல வந்தது, நடுவுல நிறுத்தி வைக்கவே விடாது, காலிங் பெல் அடிச்சா எழுந்து போய் கதவைத் திறக்கணும்னா செத்துட்டுத்தான் போகணும். ஆனா அது அசிங்கமா திட்டினாலும் மரியாதையா திட்டுற கேம். கடைசியில கால்பந்து கேமைத் தூக்கினேன். வருஷா வருஷம் ஜெர்சியை மாத்தி அதே கேமைத்தானே விக்கறீங்க, போய்த் தொலையட்டும்.

சரி, டவுன்லோட் ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அக்கா வந்திருந்தா, அவ பொண்ணு என் பக்கத்துல சப்பணம் போட்டு உக்காந்துட்டா. மீதி 38 நிமிஷம்னு காட்டுது. மூஞ்சி கழுவிட்டு வந்தா 4 மணி நேரம். காபி குடிச்சுட்டு வந்தா திரும்ப 38 நிமிஷம். அந்த நீலக் கோடு ஒரு நூலளவு நகரும், நிக்கும், யோசிக்கும். "மாமா, இதுதான் கேமா?"ன்னு கேட்டா. ஆமாம்மா, இதுதான் கேம்.

இறங்கி முடிச்சுது. இனிமே விளையாட்டுதான்னு நினைச்சா நீங்க இந்த ஊருக்குப் புதுசு. முதல்ல வலிப்பு நோய் எச்சரிக்கை. அப்புறம் லோகோ, அதுக்கு மேல ஒரு லோகோ, சத்தத்துக்கு ஒருத்தன் லோகோ, மரத்துக்கு இலை வரையற சாஃப்ட்வேர்காரன் லோகோ. அடுத்தது ஒப்பந்தம். கடைசி வரி வரைக்கும் உருட்டினாத்தான் 'ஏற்கிறேன்' பட்டன் உயிர் பெறும். கட்டை விரல் வலிக்க வலிக்க உருட்டறேன், வீட்டுப் பத்திரத்துல கூட இவ்வளவு பக்கம் இல்ல. அது முடிஞ்சா கம்பெனிக்கு ஒரு தனி அக்கவுன்ட் வேணுமாம். தனி ஆளா, இன்டர்நெட் இல்லாம ஆடற கேமுக்கு எதுக்குடா அக்கவுன்ட்? கன்ட்ரோலரை வெச்சு ஒவ்வொரு எழுத்தா பொறுக்கி மெயில் ஐடி அடிச்சேன். பாஸ்வேர்ட்ல பெரிய எழுத்து இல்லைன்னான். சேர்த்தேன். நம்பர் இல்லைன்னான். சேர்த்தேன். குறியீடு இல்லைன்னான். ஓடிபி அனுப்பியிருக்கோம்னான், அது ஸ்பாம்ல போய் ஒளிஞ்சிருந்தது, எடுத்துட்டு வர்றதுக்குள்ள காலாவதி.

அப்புறம் வந்தது வெளிச்சம் சரி பண்ற படலம். இடது பக்கச் சின்னம் லேசாத் தெரியணும், நடுவுல இருக்கிறது மங்கலாத் தெரியணும், வலது பக்கம் தெரியவே கூடாது. "தெரியுது மாமா." "இல்லம்மா, தெரியல." "எனக்குத் தெரியுதே!" ரெண்டு பேரும் டிவிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு கண் டாக்டர்கிட்ட எழுத்துப் படிக்கிற நிலைமைக்கு வந்துட்டோம்.

கேம் ஆரம்பிச்சுது! அதாவது படம் ஆரம்பிச்சுது. தாடி வெச்ச ஒருத்தன் பனியில நின்னு அப்பாவைப் பத்திப் பேசறான். எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்தாச்சு, தாண்ட விடல. ஒரு வழியா கதாபாத்திரம் நம்ம கைக்கு வருது, ஆனா ஓட விடாது. மெதுவா நடக்கணும். கூட வர்றவன் பேசி முடிக்கிற வரைக்கும் ஊர்வலம் மாதிரி நடக்கணும். நடந்தா ஒரு பாறை இடுக்கு, அதுக்குள்ள உடம்பை ஒடுக்கி நுழையணும். பின்னாடி லோடிங் ஆகறதை மறைக்கத்தான் பல கேம்ல இந்த இடுக்கு. அது தெரியாத மாதிரி நாமளும் நடிக்கணும்.

இந்தக் கூட வர்றவனுங்க இருக்கானுங்களே! ஒரு கதவு முன்னாடி வந்து நின்னேன். புதிர். ஒரு மூச்சு விட்டேன், அவ்வளவுதான். "மேல அந்தச் சங்கிலியைப் பாரு!" பைக்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு 'பிரேக், பிரேக்'ன்னு கத்தற ஆளேதான். காட் ஆஃப் வார் ரக்னராக்லயும் கூட வர்ற பையன் அத்ரேயஸும் அந்த வெட்டுண்ட தலை மிமிரும் நாம யோசிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லிடுவாங்கன்னு 2022-லயே ஊரே புலம்பிச்சு. ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட்ல கதாநாயகி எய்லாய் எதைப் பொறுக்கினாலும் பெட்டியில சேர்ந்துடுச்சுன்னு ஒப்பிச்சுக்கிட்டே இருந்தா, கடைசியில அவ வாயைக் கொஞ்சம் அடக்கவே அப்டேட் விட வேண்டியிருந்தது. இது போதாதுன்னு ஏறக்கூடிய பாறைக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட். ஆள் அரவமே இல்லாத ஆயிரம் வருஷத்துக் கோயில்ல, நேத்துதான் யாரோ பெயின்ட் அடிச்சுட்டுப் போயிருக்கான்.

முதல் சண்டை வந்தது. உண்மையைச் சொல்லணுமே, நல்லா இருந்தது. கோடாலி பட்டா கன்ட்ரோலர் கையில அதிருது, பாப்பா கை தட்டறா. ரெண்டாவது அடி ஓங்கினேன். கரன்ட் போச்சு.

ஆட்டோசேவ்? 'இந்தச் சின்னம் சுத்தும்போது மெஷினை அணைக்காதீங்க'ன்னு மிரட்ட மட்டும் மறக்கல, ஆனா அந்தச் சின்னம் அதுவரைக்கும் ஒரு தடவை கூட சுத்தல. பிஎஸ்2 காலத்துல 8 எம்பி மெமரி கார்டுல ஆடின வரைக்கும் எல்லாத்தையும் சேவ் பண்ணி, அதைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஃபிரண்டு வீட்டுக்குப் போனோம்யா! கரன்ட் வந்ததும் கன்சோல் என்னைத் திட்டுது, சரியா அணைக்கலையாம். மின்வாரியத்துக்கு மெயில் போடு, என்கிட்ட ஏன் சொல்ற?

திரும்ப அதே பனி. அதே தாடி. அதே அப்பா. பார்த்ததுதானே, இப்பவாவது தாண்ட விடுவான்னு பார்த்தா, ம்ஹூம். பாப்பா அவன் பேசறதுக்கு முன்னாடியே குரலைக் கட்டிக்கிட்டு அந்த வசனத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டா. தாடியைத் தடவற மாதிரி ஆக்‌ஷனோட. எனக்குக் கோவம் எங்க போச்சுன்னே தெரியல, சிரிச்சு சிரிச்சு வயிறு வலி.

ஆனாலும் கேக்கறேன். 2023-ல ஆலன் வேக் 2 டிஸ்க்கே இல்லாம வந்தது. 2025-ல வந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2 கன்சோல்ல சில கேமுக்குக் கார்டு இருக்கும், உள்ள கேம் இருக்காது, டவுன்லோட் பண்ண சாவி மட்டும்தான். தி க்ரூன்னு ஒரு கார் ரேஸ் கேம், அந்த டிஸ்க் வாங்கினவன் 2024 மார்ச் 31-க்கு அப்புறம் அதை டீ கிளாஸுக்கு அடியில வெச்சுக்க வேண்டியதுதான், சர்வரையே மூடிட்டான். கான்கார்ட்னு ஒரு ஆன்லைன் கேம் அதே வருஷம் ஆகஸ்ட் 23-ல பிறந்து செப்டம்பர் 6-ல போய்ச் சேர்ந்தது, அதுலயாவது காசைத் திருப்பிக் குடுத்தாங்க. அதே 2024-ல ஆஸ்ட்ரோ பாட்னு ஒண்ணும் வந்ததே. ஒரு குட்டி ரோபோ, குதிக்குது, குத்துது, யாரும் அப்பாவைப் பத்திப் பேசல, விருது எல்லாம் அள்ளிட்டுப் போச்சு. செய்யத் தெரியும்தானே? அப்புறம் என்ன வியாதி?

சரி, பசியாவது அடங்கட்டும்னு பரோட்டா வாங்கிட்டு வந்தேன். அந்த சால்னா கவர் முடிச்சு! நூலை இருபது சுத்து சுத்தி, நுனியைக் கண்ணுக்கே தெரியாத இடத்துல சொருகியிருக்கான். நகம் போகல, கத்தி தேடினா காணோம், பல்லால கடிச்சா பாதி சால்னா சட்டையில, மீதி கன்ட்ரோலர்ல. ஒரு நுனியை வெளிய விட்டா என்னய்யா, சொத்தா கரைஞ்சுடும்?