ஊட்டிக்குப் போன காசு

நேற்று முகநூலில் ஒரு தம்பி போட்ட உதவிப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஸ்கிரீன்ஷாட் இல்லாத ஆளே இல்லை. அம்மாவின் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சைக்குப் பணம் கேட்டவனின் பழைய படங்களைத் தோண்டி, 2022இல் குடும்பத்தோடு ஊட்டியில் எடுத்த படத்தைக் கண்டுபிடித்து, "இதுக்குக் காசு இருந்துச்சா?" என்று கேட்ட அண்ணனுக்கு எத்தனை லைக்! துப்பறிந்த அண்ணன் ஐம்பது ரூபாய் போட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

2022இல் அந்த அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை ஐயா. வேறு என்ன சொல்ல?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், 2017இல் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது இதே கேள்வி என் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தது. "வீடு இருக்கே, விற்க வேண்டியதுதானே?" கேட்டவர் சித்தப்பா. தாத்தா விட்டுப்போன அந்த வீடு மூன்று பேர் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது, அந்த மூவரில் அவரும் ஒருவர் என்பது அவருக்கு மறந்துவிட்டது போல. சரி, அவரே கையெழுத்துப் போட்டாலும், கீமோவுக்கு இருபத்தொரு நாளுக்கு ஒரு தேதி. பத்திரப்பதிவு ஆகட்டும் என்று கட்டி காத்துக்கொண்டிருக்குமா?

வீடு இருப்பது வேறு, கையில் பணம் இருப்பது வேறு. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம்.

"அரசுக் காப்பீடு இருக்கே அக்கா?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம்தான், ஏழைகள் பலரை அது காப்பாற்றுகிறது. ஆனால் அன்றைக்கு அதற்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். மாதம் 6,000. அப்பாவின் பென்ஷனே அதைத் தாண்டியது. பின்னாளில் வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். மாதம் 10,000. அப்படியும் பத்தாயிரத்து ஐந்நூறு சம்பாதிக்கிற குடும்பம் இந்தக் கணக்கில் வசதியான குடும்பம்! ஊட்டிக்குப் போகலாம்.

"தனியார் பாலிசி எடுத்திருக்கணும்." எடுத்திருந்தோமே. மூன்று லட்சத்துக்கு. அறை வாடகை ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 வரைதான் என்று உள்ளே பொடி எழுத்தில் இருந்ததை யார் படித்தது? அந்த வாடகையில் அறை காலியில்லை, 4,500 ரூபாய் அறைதான் இருந்தது, அம்மா வலியில் இருந்தார், அதையே எடுத்தோம். டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரிந்தது, கூடுதல் வாடகையை மட்டும் பிடிக்க மாட்டார்கள், அறுவைசிகிச்சைக் கட்டணம், டாக்டர் கட்டணம் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டு என்று. பில் கவுண்டரில் நின்று அழுதேன். பின்னால் இருந்தவர் "கொஞ்சம் சீக்கிரம்மா" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கையிலும் ஒரு ஃபைல்.

அதற்குப் பிறகுதான் உண்மையான செலவே. அம்மாவுக்கு ஹெர்-டூ பாசிட்டிவ், அதாவது கட்டியில் ஹெர்-டூ என்ற புரதம் அதிகம் இருக்கிற வகை. அதற்கென்றே உள்ள டிராஸ்டுசுமாப் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒன்று, ஓராண்டு, மொத்தம் பதினெட்டு. நம் நாட்டிலேயே தயாராகும் விலை குறைந்த மருந்துதான் போட்டோம், அதுவே ஒரு தவணைக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியது. நகைக்கடன், தள்ளி எடுத்த சீட்டு, பி.எஃப். முன்பணம். "கட்டிக்கொடுத்த பொண்ணு எதுக்கு இவ்வளவு இழுத்துப் போட்டுக்கணும்" என்ற பேச்சு தனி. அது இலவசம்.

ரத்த அணு குறைந்தால் கீமோ தள்ளிப்போகும், அணு ஏற ஒரு ஊசி. லாட்ஜ், ஆட்டோ, இளநீர். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் கட்டணம் முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் என்பதே ஆறாவது ஊசிக்குப் போகும்போதுதான் ஒரு டி.டி.ஆர். சொல்லித் தெரிந்தது. அறிவுரை சொன்ன இத்தனை பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. புற்றுநோய்க்கு முள்சீத்தாப்பழம் சாப்பிடச் சொன்னார்கள்.

"மோசடி நடக்குதே?" நடக்கிறது. விசாரியுங்கள். மருத்துவமனையின் எஸ்டிமேட் கடிதத்தைக் கேளுங்கள், மருத்துவமனைக் கணக்குக்கே நேரடியாகக் கட்டுங்கள். இதற்கு ஊட்டிப் படம் தேவையில்லை.

"அரசு மருத்துவமனைக்குப் போகலாமே?" இதைக் கேட்பவர்களிடம் பொறுமையாகப் பேச எனக்கு வரவில்லை, மன்னியுங்கள். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அரசு மட்டுமில்லை, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாற்றில் லாப நோக்கமில்லாத புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார், அதை வளர்த்த டாக்டர் சாந்தா அம்மா கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். எல்லாம் தெரியும். ஆனால் ஒருவனின் அம்மா கழுத்துக்குக் கீழே கட்டியோடு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கும்போது, முதலில் தேதி கொடுத்த இடத்துக்குத்தான் ஓடுவான். நீங்களும் ஓடுவீர்கள். நான் ஓடினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2014இல் அலுவலகத்தில் ஒருவருக்காகப் பணம் திரட்டியபோது, "அவர்தான் கார் வச்சிருக்காரே" என்று நானும் சொன்னேன். ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் சொன்னேன் என்பது ஒரு சமாதானமா? இல்லை.

ஊர் பேசியது எல்லாம் என் அம்மாவுக்குக் காதில் விழும். பதினோராவது ஊசிக்குப் பிறகு மாதுளை ஜூஸ் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பிடிக்கவில்லையாம். இடுப்பு வலியை இரண்டு மாதம் மறைத்தார், சொன்னால் ஸ்கேன் எழுதுவார்கள் என்று. ஒரு நாள் பஸ்ஸில் கேட்டார், "இன்னும் எத்தனை பாக்கி?" நான் "ஏழும்மா" என்றேன். "நாலோட நிறுத்திக்கலாமான்னு கேட்டுப் பாரேன்" என்றார், துணிக்கடையில் பேரம் பேசுகிற குரலில்.

அந்தத் தம்பியின் அம்மாவும் போனில் முகநூல் பார்ப்பார்.

நேற்றிரவு அவன் பதிவை நீக்கிவிட்டான். அடுத்த கீமோ வியாழக்கிழமை. மருத்துவமனைக் கணக்கு விவரம் என்னிடம் இருக்கிறது, இன்பாக்ஸில் கேளுங்கள். ஊட்டியைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் இங்கேயே கமெண்டில் பேசுங்கள், இன்று எனக்கு விடுமுறைதான்.